‘ஹாய்’ என்று வந்த கடிதம்

1

இந்த அலுவலகத்தில் நான் சேர்ந்து ஒன்பது வருடம் நிறைந்ததற்காக ஒரு செவ்வாய்க்கிழமை காலை எனக்குக் கேக் வெட்டினார்கள். ஒரு துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்து கணினியைத் திறந்தேன். ராஜபாளையத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. ‘ஹாய் ஜே’ என்று தொடங்கியது. அதைப் படித்து முடித்த பிறகு கேக்கை நான் தொடவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். முதலில் இருந்தே சொல்கிறேன்.

இங்கிலாந்தில் கவன்ட்ரி என்ற ஊரில், மருத்துவமனைகளுக்குக் காயக்கட்டுத் துணி வாங்கி விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் நான் வேலை செய்கிறேன். வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. துணி அனுப்புகிறவர்களில் ஒருவர் ராஜபாளையத்தில் தறி வைத்திருப்பவர். அவருக்காகக் கடிதம் எழுதுகிறவர் குருசாமி என்ற மேலாளர். ஆறு வருடமாக நானும் அவரும் வாரம் இரண்டு முறையாவது எழுதிக்கொண்டிருந்தோம். முகம் பார்த்ததில்லை. குரல் கேட்டதில்லை.

குருசாமியின் மின்னஞ்சல் எப்போதும் ‘ரெஸ்பெக்டட் மேடம்’ என்றுதான் தொடங்கும். இறைவன் அருளால் இங்கே அனைவரும் நலம், தங்கள் குடும்பத்தார் நலமறிய அவா என்று அடுத்த வரி. அதற்கடுத்து வானிலை. ஆறாவது மைல் நீர்த்தேக்கம் நிரம்பிவிட்டது என்பார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர், ஆகவே நாளை தறி ஓடாது என்பார். சரக்கு எப்போது கப்பல் ஏறும் என்ற விஷயம் ஐந்தாவது வரியில்தான் வரும். கடைசியில் ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல் அண்ட் ஆப்ளைஜ்.’

அவர் சொல்கிற நீர்த்தேக்கம் எனக்குத் தெரியும். அந்தத் தேரை என் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது ராஜபாளையம் சம்மந்தபுரத்தில். இது குருசாமிக்குத் தெரியாது. என் அலுவலகத்திலும் யாருக்கும் தெரியாது.

2

மறைக்க வேண்டும் என்று நினைத்து மறைத்ததில்லை. அவருடைய முதல் கடிதம் வந்த அன்று எங்கள் மேலாளர் மார்ட்டின் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டினார். ‘தங்கள் மேலான மடல் கிடைக்கப்பெற்றோம்’ என்ற இடத்தில் பக்கத்து மேசை கேரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு, அது என் ஊர், அந்த மனிதர் எங்கள் தெருவில் நடந்து போகிறவராக இருக்கலாம் என்று எப்படிச் சொல்வது? இந்தியாவில் எங்கே என்று கேட்டவர்களுக்கு மதுரைப் பக்கம் என்று மட்டும் சொல்லி வைத்தேன். ஜெயந்தி என்ற பெயரை அவர்கள் ஏற்கெனவே ஜே ஆக்கியிருந்தார்கள். அது வசதியாகப் போயிற்று.

இன்னொரு காரணமும் உண்டு. நம்ம ஊர்ப் பொண்ணு என்று தெரிந்தால் சலுகை கேட்பார்கள், சிபாரிசு கேட்பார்கள் என்று ஒரு சந்தேகம். யாரும் கேட்டதில்லை. கேட்க நான் இடமே கொடுக்கவில்லை.

இங்கே கடிதம் எழுதுவது வேறு ஒரு வித்தை. ‘மென்மையான நினைவூட்டல்’ என்று எழுதினால் பொறுமை போய்விட்டது என்று பொருள். ‘மிகுந்த மரியாதையுடன்’ என்று எழுதினால் மரியாதை துளியும் இல்லை என்று பொருள். இதைப் படித்துக்கொள்ள எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகு எந்த வரியையும் அதன் மேல் பொருளுக்கு மட்டும் நான் படித்ததில்லை. யாராவது என்னைப் பாராட்டி எழுதினால்கூட, அடியில் வேறு என்னவோ இருக்கிறது என்று இரண்டாவது முறை படிப்பேன்.

3

அந்தச் செவ்வாய்க்கிழமை மின்னஞ்சலில் தேரும் இல்லை, மழையும் இல்லை. ‘ஹாய் ஜே, நலமென நம்புகிறேன். எங்கள் பேக்கிங் பிரிவு புதிய இடத்துக்கு மாறியுள்ளது. அடுத்த சரக்கிலிருந்து கீழ்க்கண்ட முகவரியைத் தங்கள் பதிவில் மாற்றவும். விரைந்து உறுதிப்படுத்தினால் உதவியாக இருக்கும்.’ மூன்று புள்ளிகளாக விவரம். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. கீழே ‘பெஸ்ட், குருசாமி.’

அதற்கு முந்தின மாதம்தான் அலுவலகத்தில் எல்லோருக்கும் மோசடி மின்னஞ்சல் பற்றி ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். தெரிந்தவர் திடீரென்று வேறு தொனியில் எழுதினால் சந்தேகப்படு, விவரம் எதையாவது மாற்றச் சொன்னால் சந்தேகப்படு, அவசரப்படுத்தினால் சந்தேகப்படு. இதில் மூன்றும் இருந்தன.

பயிற்சியில் சொன்னபடி பதிவிலிருந்த பழைய எண்ணுக்குத் தொலைபேசினேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. குருசாமியின் கணக்குக்குள் வேறு யாரோ புகுந்துவிட்டார்கள் என்று எனக்கு உறுதியாயிற்று. மார்ட்டினிடம் காட்டினேன்.

“இது அவர் எழுதியது மாதிரி இருக்கிறதா, ஜே?”

“இல்லை.”

“உனக்குத்தான் தெரியும்,” என்றார்.

மின்னஞ்சலின் மேல் மூலையில் ‘சந்தேகத்துக்குரியது’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினேன். வேறு ஊரில் இருக்கும் பாதுகாப்புப் பிரிவு அன்றைக்கே அந்த மின்னஞ்சல் முகவரியைத் தடுத்தது. இனி அங்கிருந்து எது வந்தாலும் எங்கள் கண்ணில் படாது. சரக்கு நிறுத்திவைக்கப்பட்டது. அவர்கள் பெயரைச் சொல்லி யாராவது தொலைபேசினால் பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் குறிப்பு போயிற்று. என்னைப் பாராட்டி ஒரு மின்னஞ்சலும் வந்தது. அதை ஒரு முறைதான் படித்தேன்.

4

வீட்டில் மகள் யாழினியிடம் சொன்னேன். கல்லூரி முதல் வருடம் படிக்கிறாள். தமிழ் காதில் விழும், வாயில் அபூர்வமாக வரும்.

“அம்மா, அது ஏஐ மெஷின் எழுதினது. எல்லாரும் இப்ப அப்படித்தான் எழுதுறாங்க. நானும்தான்,” என்றாள்.

“நீ எங்கே எழுதினே?”

“மாமா பர்த்டேக்கு.”

அப்போதுதான் விளங்கியது. போன வாரம் என் தம்பி முத்துக்குமார் ஊரிலிருந்து கூப்பிட்டிருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே மனு தட்டச்சுச் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறான். “யக்கா, மருமக எனக்கு ‘தாங்கள் நீடூழி வாழ எல்லாம் வல்ல இறைவனை இறைஞ்சுகிறேன்’னு அனுப்பிருக்கா. யாரு எழுதிக் குடுத்தா?” என்று கேட்டான். அவளேதான் எழுதினாள் என்று நான் அடித்துச் சொல்லியிருந்தேன்.

மகள் சொன்னது ஒரு நிமிடம் உறைத்தது. ஆனால் குருசாமி மெஷினிடம் போய் நிற்கிற ஆள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. அந்தப் புது முகவரியைத் தம்பிக்கு அனுப்பி, யாருக்கும் தெரியாமல் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் இருந்தது. இரண்டு நாள் கழித்து என் மதிய உணவு வேளையில் கூப்பிட்டான்.

“போய்ப் பாத்தேன் யக்கா. தகர ஷெட்டு. கேட்டுல பூட்டுத் தொங்குது. போர்டு கிடையாது. பக்கத்துல கேட்டா இப்பத்தான் யாரோ வந்திருக்காகன்னு சொல்லுதாக. எனக்கு ஒண்ணும் சரியாப் படல.”

எனக்கும் படவில்லை. குருசாமிக்கு என்ன ஆயிற்று என்ற கவலையும், நான் ஏமாறவில்லை என்ற திருப்தியும் எனக்குள் சேர்ந்தே இருந்தன. எது கூடுதல் என்று அப்போது பார்த்துக்கொள்ளவில்லை.

5

ஐந்து வாரம் கழித்துத் தம்பி மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக் கோயிலில் வைத்துத் தாலி கட்டு. அதற்கு முந்தின நாள் காலை தம்பியிடம், அந்த ஷெட்டுக்குப் போக வேண்டும் என்றேன்.

“கல்யாணத்த வச்சிக்கிட்டு இது என்னத்துக்கு? தனியாப் போகாதீக, நானும் வாரேன்,” என்று மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

கேட் திறந்திருந்தது. உள்ளே வெளுத்த துணியின் வாடை. ஏழெட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து காயக்கட்டுத் துணியை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தம்பி வாசலில் நின்ற ஒருவரிடம் விசாரித்தான். அவன் முன்பு வந்து பார்த்தது மாதாந்திர மின்தடை நாள்; அன்றைக்கு எல்லோருக்கும் விடுமுறையாம். தம்பி என்னைப் பார்க்காமல் டீக்கடைப் பக்கம் போய்விட்டான்.

ஓரத்தில் பலகை அடித்த ஒரு அறை. ஒரு கணினிக்கு முன்னால் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ஒரு பெண். பக்கத்து நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். வீட்டில் நோயாளி இருக்கிறார், கொஞ்சம் துணி வேண்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“செத்த நேரம் இரிங்கம்மா,” என்றார் பெரியவர். “இந்த ஒண்ண முடிச்சிக்கிடுதோம். நீ வாசி, மகேசு.”

அந்தப் பெண் திரையைப் பார்த்து வாசித்தாள். “ப்ளீஸ் அப்டேட் யுவர் ரெக்கார்ட்ஸ்.”

“அதுதான் உறுத்துது. நாம அவுகளுக்கு உத்தரவு போடுத மாதிரி இல்ல?”

“ப்ளீஸ் போட்டிருக்கேனே சார்.”

“ஒரு ப்ளீஸ் காணுமா? கைண்ட்லியும் சேத்துப் போட்டிருக்கணும். அதுவும் நீ எடுத்த எடுப்புலயே ஹாய்னு போட்டிருக்க. ஆறு வருசமா ரெஸ்பெக்டட் மேடம் போட்ட எடத்துல ஹாய். அந்தம்மாவுக்குக் கோவம் வராம என்ன செய்யும்?”

“அந்த கோர்ஸ்ல அப்படித்தான் சார் சொல்லிக் குடுத்தாக. மழை, தேர் எல்லாம் புரொபஷனல் மெயில்ல வரக்கூடாதுன்னாக.”

பக்கத்தில் இருந்த பெட்டிமேல் உட்கார்ந்தேன்.

துணிக்கு வந்தவள்தானே என்று அவர்கள் ஒளிக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் சொன்னார்கள். அந்தப் பெரியவர்தான் குருசாமி. சர்க்கரையால் அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. கண்ணில் ஊசி போட்டும் எழுத்துத் தெரியவில்லை. பி.காம் முடித்த மகேஸ்வரியை மூன்று மாதத்துக்கு முன் சேர்த்திருக்கிறார்கள். இணையத்தில் வணிகக் கடிதம் எழுதப் படித்திருக்கிறாள். அவர் தமிழில் சொல்ல, அவள் கணினியில் போட்டு நல்ல ஆங்கிலமாக மாற்றுவாள். பழைய கட்டடத்தை வீட்டுக்காரர் திருப்பிக் கேட்டதால் பேக்கிங்கை இங்கே மாற்றினார்கள். பழைய தொலைபேசியும் அதோடு போயிற்று. அதைத் தெரிவிக்கத்தான் அந்த மின்னஞ்சல். அதுதான் இங்கிலாந்துக்கு அவளாக எழுதிய முதல் கடிதம்; அதுவரை அவர் சொன்ன பழைய வாக்கியங்களையே அப்படியே தட்டியிருக்கிறாள்.

“ஒரு பதில் வரல மேடம். ஒம்போது மெயில் போட்டாச்சு. போன் போட்டா மெஷின் பேசுது. ஒரு நாள் ஒரு அம்மா எடுத்தாக, பேரச் சொன்னதும் வச்சிட்டாக,” என்றாள் மகேஸ்வரி. “நான் என்னமோ தப்பா எழுதித்தான் பார்ட்டி போயிருச்சுன்னு முதலாளி நினைக்காரு. இந்த மாசத்தோட நின்னுக்கன்னு சொல்லிட்டாரு.”

“எங்க தப்புன்னு கண்டுபிடிச்சிட்டா மன்னிப்புக் கேட்டு எழுதிரலாம்னு பாக்கோம்,” என்றார் குருசாமி. “தெனம் காலையில ஒரு மெயில எடுத்து வரிவரியாப் பாக்குறது.”

“மன்னிப்பும் கேட்டாச்சு சார்,” என்றாள் அவள். கடைசியாக அனுப்பியதைத் திறந்து வாசித்தாள். ‘என் சொல் ஏதாவது உங்களைக் காயப்படுத்தி இருந்தால் ரொம்ப மன்னிக்க வேண்டும். நான் புதுசு. குருசாமி சார் மேல் தப்பு இல்லை. எனக்கு ஒரு வரி பதில் போட்டால் போதும்.’ அந்த ஆங்கிலத்தில் வரிக்கு இரண்டு பிழை இருந்தது. மெஷினிடம் கொடுக்காமல் அவளே எழுதியிருக்கிறாள். இது ஒன்று மட்டும் என் கண்ணில் பட்டிருந்தால் போதும், நம்பியிருப்பேன்.

6

“அந்தம்மா நான்தான்,” என்றேன்.

இரண்டு பேருக்கும் புரியவில்லை. என் அலுவலக அட்டையை எடுத்து மகேஸ்வரியிடம் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு எழுந்து நின்றாள். பொத்தானை அழுத்தியது, முகவரியைத் தடுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். சம்மந்தபுரத்தில் பிறந்தவள் என்பதையும் சொன்னேன்.

குருசாமி என் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினார்.

“சம்மந்தபுரமா? எங்க அக்காளக் குடுத்ததே அங்கதான்,” என்றார். பிறகு, “ஏந்தாயி, ஒவ்வொரு லெட்டருக்கும் ஒரு மணி நேரம் டிக்சனரி பாத்து எழுதுவேன். கரன்ட் இல்லன்னு மொட்டையா எழுதுனா மரியாதையா இருக்காதுன்னு அதுக்கு ஒரு வாக்கியம் தேடுவேன். ஆறு வருசம். நீங்க ஒரு வரி தமிழ்ல போட்டிருக்கலாமே? எம்புட்டுக் கஷ்டம் மிச்சமாயிருக்கும்!” என்றார்.

அலுவலக அட்டையைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்தேன்.

“அங்க வாசிச்சுச் சிரிச்சிருப்பீக, என்ன?”

இல்லை என்று சொல்ல நினைத்தேன். அவருக்குப் பார்வைதான் போயிருந்தது. நான் பேசாமல் இருந்தது நன்றாகவே கேட்டிருக்கும்.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். மகேஸ்வரி நடந்ததைச் சொன்னாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நம்ம ஊர்க்காரவுகன்னா இம்புட்டு நாளா ஏன் சொல்லல? இப்பவும் துணி வாங்க வந்ததாத்தான சொல்லிருக்கீக. வேவு பாக்க அனுப்பிச்சாகளா?”

யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

“அந்தப் புள்ளைய நிறுத்தாதீங்க. நான் இப்பவே எங்க மேனேஜருக்கு எழுதுதேன்,” என்றேன்.

மகேஸ்வரி எழுந்து நாற்காலியை எனக்குக் கொடுத்தாள். என் சொந்த முகவரியிலிருந்து மார்ட்டினுக்கு எழுதினேன். தப்பு என்னுடையது, இந்த ஊர் என்னுடையது, இதை மறைத்ததும் நான்தான், தயவுசெய்து இன்றே தடையை நீக்குங்கள் என்று. ஒன்பது வருடத்தில் அவ்வளவு நீளமாக நான் எழுதியதில்லை. மகேஸ்வரி பின்னால் நின்று படித்தாள். திருத்தம் எதுவும் சொல்லவில்லை.

பதில் வரவில்லை. மறுநாள் கல்யாண மதியப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது மார்ட்டின் என் கைபேசிக்குக் கூப்பிட்டார். மேளச் சத்தத்தில் கோயில் மதிலோரம் போய் நின்று பேசினேன்.

“ஜே, உன் பெயரில் எனக்கு ஒன்று வந்திருக்கிறது. தெரியாத முகவரி. அவசரம் என்கிறது. உன்னை மாதிரியே இல்லை. பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பிவிட்டேன். நீ நலம்தானே?”

“அதை எழுதியது நான்தான்,” என்றேன்.

“நிச்சயமாகவா?” என்று கேட்டார்.

7

தடையை நீக்க ஐந்து படிவங்களும் ஆறு வாரமும் ஆயின. அவர்களுடைய ஷெட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார்கள். அந்த ஆறு வாரமும் அங்கே பாதித் தறிகள் ஓடவில்லை. சரக்கு மறுபடி கிளம்பியது. முதலாளி மகேஸ்வரியை நிறுத்தவில்லை. குருசாமி மேலாளராகவே இருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

என்னை உட்காரவைத்து இரண்டு பேர் ஒரு மணி நேரம் விசாரித்தார்கள். அந்த ஊரில் எனக்கு உறவினர் உண்டா, அவர்களுக்குத் தறி உண்டா, ஏன் முன்பே தெரிவிக்கவில்லை என்று எழுத்தில் கேட்டார்கள். எழுத்தில் கொடுத்தேன். சிரித்த கதையை மட்டும் எழுதவில்லை. வேலை போகவில்லை. ஆனால் ராஜபாளையம் தொடர்பான கடிதங்களை இனி நான் பார்க்கக் கூடாது என்றார்கள். அந்தப் பொறுப்பு கேரனுக்குப் போயிற்று.

போன வாரம் மகேஸ்வரி என் கைபேசிக்குத் தமிழில் செய்தி அனுப்பினாள். “அக்கா, ஒரு சந்தேகம். கேரன் மேடத்துக்குப் பெரிய மெயில் ஒண்ணு போட்டோம். ‘நோட்டட்’னு ஒரே ஒரு வார்த்தைதான் பதில் வந்திருக்கு. அவிய கோவமா இருக்காகளா? சார் கேக்கச் சொன்னாரு.”

இங்கே எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று பதில் தட்டினேன். உடனே திரும்பி வந்தது. “நெசமாவா? இல்ல எங்களுக்காகச் சொல்லுதீகளா?”

எழுந்து கேரன் மேசைக்குப் போனேன்.

“ராஜபாளையத்துக்காரர்கள்மேல் உனக்கு ஏதாவது கோபமா?” என்று கேட்டேன்.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். “இல்லையே. ஏன், அவர்கள் உனக்கு எழுதுகிறார்களா?”

இல்லை என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்துவிடும். “ஆமாம். அந்தப் பெண் எழுதுகிறாள். எங்கள் ஊர்ப் பெண்,” என்றேன்.

கேரன் சிரித்தாள். பிறகு திரையின் பக்கம் திரும்பி எதையோ தட்டச்சுச் செய்யத் தொடங்கினாள். யாருக்கு, என்னவென்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

மகேஸ்வரிக்கு எழுதினேன். ‘கேட்டுவிட்டேன். கோபம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.’ அனுப்புவதற்கு முன், ‘நினைக்கிறேன்’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் அவர்களுக்கு நிம்மதியாக இருக்குமே என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். எடுக்கவில்லை.